அக்கா வீட்டுக் கூரையும் அயல்நாட்டு உதவியும்

1

பூனா என்ன வெளிநாடா என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், ரயிலேறி உட்கார்ந்தால் வந்துவிடும். ஆனால் இத்தனை வருடம் குடியிருந்தும் எனக்குக் கோபம் வந்தால் மராத்தி வராது. கோபம் வராதபோதும் அவ்வளவாக வராது. வீட்டுக்குள் தமிழ், லிஃப்டில் இந்தி, ஆபீசில் ஆங்கிலம் என்று நாக்கை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரிகிறவனை வேறு என்னவென்று சொல்வது? என் மகள் சஹானா இன்றைக்கும் 'உங்க ஊர்' என்றுதான் சொல்கிறாள். 'நம்ம ஊர்' என்று திருத்திப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

இந்தக் குறிப்பை எழுத வைத்தவளும் அவள்தான். கோடை விடுமுறைக்குக் கொஞ்ச நாள் முன்பு பள்ளியிலிருந்து வந்தவள் பையைச் சோபாவில் எறிந்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, டிபேட் டாபிக் வந்துச்சு. நேச்சுரல் டிஸாஸ்டர் ஆனதுக்கு அப்புறம் ரிச் கன்ட்ரீஸ் போதும்கிற மாதிரி ஹெல்ப் பண்றாங்களா. சீட்டு எடுத்தோம். எனக்கு 'பண்றாங்க' சைடு வந்துச்சு."

நான் சிரித்தேன். "அந்தப் பக்கம் பேசறதுக்கு என்ன இருக்கு? தோத்துட்டு வா."

பிறகு எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கராடி பக்கம் இருக்கும் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இந்த மாதிரி விஷயங்களில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. புகையை விடுகிறவன் ஒருவன், புயலில் சாகிறவன் இன்னொருவன் என்று ஆரம்பித்தேன். கொடுப்பது கொஞ்சம், அறிவிப்பது அதிகம், அந்தக் கொஞ்சத்துக்கும் ஆயிரம் நிபந்தனை, கண்ணீரைக் காட்டினால்தான் காசு, கொடுத்த கையோடு போட்டோ என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். சஹானா போனில் குறித்துக்கொண்டே வந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டாள்.

"அப்பா, அப்போ அத்தை வீட்டுக்குக் குடுத்தாங்கல்ல, அது? அதுவும் ஃபாரின் எய்ட் தானே?"

எனக்குத் தாகமாக இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனேன்.

2

அத்தை என்று அவள் சொன்னது என் அக்கா மலர்க்கொடியை. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். அத்தானுக்குத் தென்னந்தோப்பு, சின்ன ஓட்டு வீடு. கஷ்ட ஜீவனம் என்று சொல்ல முடியாது, மிச்சம் பிடித்து வைக்கிற ஜீவனமும் இல்லை.

போன ஐப்பசியில் அடித்த புயலில் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. ஒரு மரம் வீட்டின் மேலேயே விழுந்து, ஓடும் சட்டமும் உள்ளே இறங்கிவிட்டன. நல்லவேளையாக இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தார்கள். போன் கிடைத்ததும் நான் கேட்ட முதல் கேள்விக்கு அக்கா சொன்ன பதில், "நாங்க நல்லாருக்கோம்டா தம்பி, நீ கவலப்படாத."

அந்த வருடம்தான் நாங்கள் சமையலறையை இடித்து மாற்றிக் கட்டியிருந்தோம். இழுத்தால் சத்தமில்லாமல் வரும் அலமாரிகள், புகையை உறிஞ்சும் யந்திரம், கறுப்புக் கல். அந்தக் கல்லில் சாய்ந்து நின்றுகொண்டுதான் அக்காவோடு பேசினேன். செலவுக்கு வைத்துக்கொள் என்று கொஞ்சம் பணம் அனுப்பினேன். அது அரிசி பருப்புக்குச் சரியாக இருக்கும். கூரைக்கு ஆகாது. அது எனக்குத் தெரியும். கையில் இல்லை என்று சொல்ல மாட்டேன். வங்கியில் இருந்தது. சஹானாவின் கல்லூரிக்கு என்று பேர் வைத்துப் பூட்டி வைத்திருந்தேன். பேர் வைத்துவிட்டால் அதைத் தொடாமலிருப்பது ஒழுக்கம்போல ஆகிவிடுகிறது.

நேரில் போகவும் இல்லை. பொன்னி அரிசி வாங்க இங்கே பூனாவிலேயே போபோடி பக்கம் போயிருந்தபோது அங்கிருக்கும் தமிழ்க் கடைக்காரர், "புயலுக்கு அப்புறம் ஊருக்குப் போயிட்டு வந்துட்டீங்களா சார்?" என்று விசாரித்தார். லீவு கிடைக்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் ஆபீசில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் கம்பெனியின் தலைமையகம் ஐரோப்பாவில், பனி பெய்கிற ஒரு நாட்டில் இருக்கிறது. ஊழியர்களின் குடும்பம் பேரிடரில் பாதிக்கப்பட்டால் வீட்டைச் சரிசெய்து கொடுக்க அவர்களிடம் ஒரு நிதி இருக்கிறதாம். அங்கே இருக்கிறவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து போடுகிற பணம். எனக்கு அப்படியே பாரம் இறங்கியது போல இருந்தது. அக்காவுக்குக் கூரையும் ஆயிற்று, என் பூட்டையும் திறக்க வேண்டாம். விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலரின் சான்று, அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு சரிதான் என்பதற்கு இன்னொரு கையெழுத்து என்று அலைந்து முடித்ததும், வீட்டை வீடியோவில் பார்க்க வேண்டும் என்றார்கள்.

3

அக்காவிடம் சொன்னேன். "வெளிநாட்டுலேர்ந்து ஒரு அம்மா பேசுவாங்க. வீட்டப் பாப்பாங்க."

"வீட்டுக்கு வர்றாங்களா?"

"இல்லக்கா, போன்லதான்."

"போன்ல வந்தாலும் வர்றதுதானடா," என்றாள்.

அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, மொழிபெயர்க்கத் தயாராக உட்கார்ந்தேன். சஹானா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு கட்டத்தில் தலைமையகத்து அம்மாள். வெள்ளை முடி, அன்பான முகம். இன்னொன்றில் எங்கள் பூனா அலுவலகத்து மிருணாள். இந்த நிதியை இங்கே பார்த்துக்கொள்கிற பெண். மூன்றாவதில் அக்கா.

அக்கா வாசல் பெருக்கி, பெரிய கோலமாகப் போட்டிருந்தாள். எதிர் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தாள். பொங்கல் சீருக்கு நான் அனுப்பிய அரக்குப் புடவையைக் கட்டி, தலையில் டிசம்பர் பூ வைத்திருந்தாள். அத்தான் சட்டை பட்டனைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு பின்னால் நின்றார். வீட்டுக்குள் போனைக் கொண்டுபோனபோதுதான் மேலே பார்த்தேன். இற்றுப்போன சட்டமும் அரசாங்கம் கொடுத்த தார்ப்பாயும் கண்ணில் படக்கூடாது என்று, அத்தானுடைய வெள்ளை வேட்டிகளைத் துவைத்து, கல்யாண வீட்டில் மேற்கட்டி கட்டுவது போல நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தாள். கூரை இல்லாத வீடு என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த அம்மாள், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

"நல்லாருக்கோம். அவுங்க வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களான்னு கேளுடா," என்றாள் அக்கா.

அதையும் மொழிபெயர்த்தேன். வீட்டில் என்ன குறை இருக்கிறது என்று அடுத்த கேள்வி. "அப்புடி ஒண்ணும் கொறயில்ல. சாமி புண்ணியத்துல உசுரு தப்பிச்சோம். அவுங்க காப்பி குடிச்சாங்களா?" என்று அக்கா ஆவி பறக்கும் டம்ளரைப் போனுக்கு நேராகக் காட்டினாள். வெள்ளை முடி அம்மாள் கன்னத்தில் கை வைத்து, எவ்வளவு அழகான வீடு, எவ்வளவு தைரியமான பெண் என்று நெகிழ்ந்துபோனாள்.

முடிந்ததும் மிருணாள் கூப்பிட்டு, இந்தியும் ஆங்கிலமுமாக, மெதுவாகத்தான் சொன்னாள். வீடு இப்படி நன்றாக இருந்தால் நிதி வேறு யாருக்காவது போய்விடும், உங்களுக்காக இன்னொரு அழைப்பு கேட்டு வாங்குகிறேன், அக்காவிடம் கொஞ்சம் உள்ளதை உள்ளபடி காட்டச் சொல்லுங்கள் என்றாள். அவள் மீது தப்பு சொல்ல மாட்டேன். உள்ளதை உள்ளபடி என்றுதான் அவள் சொன்னாள்.

4

அதற்கு மேல் போனது நான்.

"என்னக்கா இப்புடிப் பண்ணிட்ட," என்று அக்காவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டபடியே எரிந்து விழுந்தேன். "கல்யாணமா நடக்குது அங்க? வேட்டியெல்லாம் அவுத்துடு. கொல்லையில போட்ட ஊறிப்போன மெத்தையை உள்ள கொண்டாந்து போடு. நாற்காலி வேண்டாம். புடவைய மாத்திக்க, ஏதாவது கிழிசல் இருந்தாக் கட்டிக்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லாருக்கோம்னு சொல்லாத."

"வேற என்னன்னுடா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. பேசாம நில்லு."

அக்கா கேட்டாள்.

"பூவையும் எடுக்கணுமா?"

அத்தான் குத்துக்கல்லாட்டம் பக்கத்தில் இருக்க, கட்டிக்கொண்டவள் கேட்கிற கேள்வி அது. தலையில் வைத்த பூவை எடு என்று ஒரு சுமங்கலியிடம் எதிரியும் சொல்லமாட்டான். பக்கத்தில் இருந்த சஹானா தன் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு தமிழ் புரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எடுத்துடுக்கா," என்றேன்.

"சரிடா தம்பி."

இரண்டாவது அழைப்பில் நான் சொன்னது எல்லாம் அப்படியே இருந்தது. வெளிறிப்போன ஒரு நைந்த புடவை. வெறுந்தலை. மெத்தை சுவரில் சாய்ந்து கிடந்தது. தார்ப்பாயின் ஓட்டை வழியாக வெயில் உள்ளே விழுந்தது. ஆனால் தரையெல்லாம் ஈரம். வெயில் அடிக்கிறது, தரையில் தண்ணீர் நிற்கிறது. மழை பெய்த மாதிரி இருக்கட்டும் என்று அக்காவே குடத்துத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறாள். இதை நான் சொல்லவில்லை. தம்பிக்கு வேண்டியது என்னவென்று புரிந்துகொண்டு தானாகச் செய்திருந்தாள். அத்தானைக் காணவில்லை. கேட்டதற்கு, "வெளில போயிட்டாரு. பாக்க முடியலயாம்," என்றாள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று மறுபடியும் கேள்வி வந்தது. அக்கா போனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது குடத்துத் தண்ணீர் இல்லை. எனக்கு மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை. பனி நாட்டு அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வாரமே நிதி ஒதுக்கப்பட்டது என்று கடிதம் வந்தது.

மிருணாள் இனிப்பு கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

5

மே மாதம் ஊருக்குப் போனோம். கூரை ஜோராக இருந்தது. புதுச் சட்டம், பச்சை நிறத்தில் கனத்த தகடு, சுவருக்கு வெள்ளை. குறை சொல்ல இடமில்லாத வேலை. யாரோ ஓர் அயலூர்க்காரன் காபிக்கும் கேக்குக்கும் ஆகிற காசைச் சேர்த்துப் போட்டுக் கொடுத்த கூரை. வாசல் நிலைக்கு மேலே கம்பெனியின் நீலப் பலகை, ஆங்கிலத்தில் பெயரும் முத்திரையும். நிதியின் விதிப்படி அதைக் கழற்றக் கூடாது.

அந்தப் பலகையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. பூனாவில் பெரிய வேலையில் இருக்கும் தம்பி ஒருத்தன் இருக்க, அக்கா வீட்டுக் கூரையில் எவன் பேரோ தொங்குகிறது. தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதானே போவான்? ஊர் என்னைப் பற்றி என்ன பேசும் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவை என்ன பேசும் என்று அப்புறம்தான் தோன்றியது. அந்த வரிசைக்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

சாயங்காலம் அத்தானின் பெரியப்பா மகன் வந்தார். ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர், வீராச்சாமி அண்ணன் என்றால் பஞ்சாயத்து வரை பேச்சு எடுபடும். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, கேள்விப்பட்டேன். ஆபீசுல கடன் போட்டு அக்காவுக்குக் கூரை போட்டுக் குடுத்திருக்கீங்க. மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறாங்களாமே. மலருதான் சொல்லுச்சு. கூடப்பொறந்தவன்னா இப்புடில்ல இருக்கணும்."

அவர் நிமிர்ந்து நீலப் பலகையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "டிராக்டர்ல பேங்க்காரன் பேர எழுதி வைக்கிற மாதிரிதானே இது? கடன் அடையிற வரைக்கும் அவன் பேரு இருக்கத்தான் செய்யும். நீங்க அதப் பத்தி யோசிக்காதீங்க."

அக்கா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சஹானா என் பக்கத்தில் நின்றாள். இல்லைங்க, என் காசு ஒரு பைசா இதில் கிடையாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் பெருசில்லீங்க," என்றேன்.

செய்தவன் அடக்கமாகச் சொல்கிற வார்த்தை அது. செய்யாதவன் வாயில் அது எவ்வளவு சுலபமாக வருகிறது. வீராச்சாமி அண்ணன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டியதும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா அப்புடிச் சொன்ன?"

"பின்ன என்னன்னு சொல்லச் சொல்ற?" கோபமில்லாமல்தான் கேட்டாள். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "எவரோ போட்டுக் குடுத்த கூரைன்னா எனக்குத் தூக்கம் வராதுடா. எனக்குன்னு ஒருத்தன் இருக்கான்னு இந்த ஊருக்குத் தெரியணும்ல. தம்பி போட்டதுன்னு சொன்னப்பறந்தான் இதுக்குக் கீழ படுக்க முடியுது."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா. நான் குடுத்திருப்பேனே."

என்ன தைரியத்தில் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அக்கா மீனைப் புரட்டிப் போட்டாள்.

"அன்னிக்கு அப்புடி நில்லுன்னியே, ஒன் வேலைக்குத்தான் ஏதோ ஆவப்போவுதுன்னு நெனச்சேன். மேல இருக்கறவங்கள்லாம் பாக்குறாங்க, இது சரியா நடக்கலன்னா ஒன்ன ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு. புள்ள கேக்குறானேன்னுதான் பூவ எடுத்தேன். அத்தான் ரெண்டு நாளு எங்கிட்ட பேசல." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒன் வேல நல்லாருக்குல்ல? அது போதும்," என்றாள்.

அவள் கூரைக்காக நிற்கவில்லை. எனக்காக நின்றிருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த உதவி அது. நான்தான் அவளுக்கு உதவுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு நாள் இருந்திருக்கிறேன்.

ராத்திரி எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். சஹானா தட்டின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, திக்கித் திக்கித் தமிழில் கேட்டாள்.

"அத்தை, ஸ்கூல் திறந்ததும் எனக்கு டிபேட் இருக்கு. ரிச் கன்ட்ரீஸ் போதும்னு குடுக்கறாங்கன்னு நான் பேசணும். அப்பா, அது சொல்றதுக்குப் பாயின்ட்டே இல்லன்னு சொல்றாங்க. அந்த ஃபாரின் ஆன்ட்டி உங்களுக்குக் குடுத்தது போதுமா?"

அக்கா கரண்டியோடு நின்று யோசித்தாள். விருந்தாளிக்குச் சொல்கிற பதிலாக அது இருக்கவில்லை. குழந்தை பள்ளிக்கூடத்துக்காகக் கேட்கிறாள் என்று உண்மையாகவே யோசித்தாள்.

"போதும் கண்ணு. நம்ம பேரு அவுங்களுக்குத் தெரியுமா, ஊரு தெரியுமா? நமக்கு என்ன ஒறவு? அவுங்க குடுத்தது போதும்."

சஹானா அதைப் போனில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் அவள் விரல் அப்படியே நின்றது. அடுத்த கேள்வி அவளுக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு வேண்டிய தமிழும் அவளிடம் இருந்தது.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அத்தை, எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு," என்றாள்.